ஏரோ தீவில் நான்கு நாள்: கார் இல்லாமல், காற்றைப் பார்த்துப் போகும் பயணம்

டென்மார்க்கின் ஃப்யூன் தீவுக்குத் தெற்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் தென்கோடியில் இருக்கிறது ஏரோ. நீளம் சுமார் 30 கி.மீ., அகலம் மிஞ்சிப்போனால் 8 கி.மீ., மக்கள் ஏறத்தாழ 6,000 பேர். பக்கத்தில் உள்ள டோசிங்கே, லாங்கெலாண்ட் தீவுகளுக்குப் பாலம் போட்டுவிட்டார்கள். ஏரோவுக்குப் போடவில்லை. கப்பலில்தான் போகவேண்டும். தீவின் அமைதிக்கு முதல் காரணம் இதுதான்.

யாருக்கு இந்தத் தீவு ஒத்துவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். காலையில் வந்து, படம் எடுத்து, மாலையில் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. கோபன்ஹேகனிலிருந்து வந்து சேரவே அரை நாளுக்குமேல் ஆகும். பகல் பயணிகள் மாலைக் கப்பலில் போனபிறகுதான் ஊர் தன் இயல்புக்கு வரும். குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நான்கு தங்குங்கள்.

எந்த மாதம்

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை முதல் தேர்வு. ஆகஸ்ட் பின்பாதியும் செப்டம்பர் தொடக்கமும் இரண்டாம் தேர்வு. ஜூன் கடைசியில் சூரியன் காலை நாலரை தாண்டி எழுந்து இரவு பத்து மணி வாக்கில்தான் மறையும். சாப்பிட்டு முடித்துவிட்டு வெளிச்சத்திலேயே கடற்கரைக்கு நடந்து போகலாம். ஜூன் 23 இரவு டென்மார்க் முழுவதும் கடலோரத்தில் சொக்கப்பனை கொளுத்துவார்கள்; ஏரோவிலும் உண்டு.

கடலில் குளிக்க ஆசையிருந்தால் ஆகஸ்டுதான். அப்போதும் தண்ணீர் பெரும்பாலும் 18, 19 டிகிரிதான். ஜூலையில் தீவு நிரம்பிவிடும், அறை கிடைப்பது கடினம். அக்டோபர் முதல் மார்ச் வரை போவதானால் பல உணவகங்களும் சில அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும் என்று தெரிந்தே போங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

விசாவும் முன்பதிவும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் காட்டவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஜெர்மனி, பிரான்ஸ், நார்வே போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அட்டையோடு இருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. பிரிட்டனில் வதிவிட உரிமை மட்டும் இருந்து, கடவுச்சீட்டு இந்தியாவுடையதோ இலங்கையுடையதோ என்றால் விசா எடுத்தே ஆகவேண்டும். லண்டனிலிருந்து கிளம்புவோர் பலர் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

கார் இல்லாமல் கப்பலில் ஏறுபவர்கள் முதலில் அறையைப் பிடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். கார் கொண்டுபோகிறவர்கள் அறையையும் கப்பலையும் ஒரே நாளில் பதிவு செய்யவேண்டும். கோடையின் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் காருக்கான இடம் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஆனால் ஏரோவுக்குக் கார் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தீவின் மூன்று ஊர்களையும் (ஏரோஸ்கோபிங், மார்ஸ்டால், சோபி) இணைக்கும் 790 எண் பஸ்ஸில் கட்டணமே கிடையாது. மீதியைச் சைக்கிள் பார்த்துக்கொள்ளும். நடக்க முடியாத முதியவர்களோ கைக்குழந்தைகளோ கூட வந்தால் மட்டும் காரைப் பற்றி யோசியுங்கள்.

எந்தத் துறையிலிருந்து கப்பல்

நான்கு வழிகள் இருக்கின்றன.

- ஸ்வென்போர்க் – ஏரோஸ்கோபிங்: 75 நிமிடம்
- ஃபோபோர்க் – சோபி: சுமார் ஒரு மணி நேரம்
- ஃபின்ஸ்ஹாவ் – சோபி: சுமார் ஒரு மணி நேரம்
- ரூட்கோபிங் – மார்ஸ்டால்: முக்கால் மணி நேரம்

ரயிலில் வருபவர்களுக்கு முதல் வழிதான் சரி. கோபன்ஹேகனிலிருந்து ஓடன்சே போய், அங்கே மாறி, ஸ்வென்போர்க் வரவேண்டும். ஸ்டேஷனிலிருந்து கப்பல்துறை சில நிமிட நடை. டேனிஷ் ரயில்வே ‘ஆரஞ்சு’ என்ற பெயரில் மலிவு டிக்கெட் விற்கிறது. முன்கூட்டியே எடுத்தால் நல்ல லாபம். ஆனால் அது குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஆகவே ஊர் திரும்பும்போது கப்பலுக்கும் ரயிலுக்கும் இடையே அரை மணியாவது இடைவெளி விடுங்கள். ரயில், பஸ், கப்பல் மூன்றின் நேரத்தையும் ‘ரைசெப்லானன்’ என்ற செயலி சேர்த்துக் காட்டும்.

ஸ்வென்போர்க் கப்பலில் ஏறியதும் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். ஸ்வென்போர்க் நீரிணைப் பாலத்துக்கு அடியில் புகுந்து, தட்டையான சிறு தீவுகளை ஒட்டியே கப்பல் போகும். இந்தக் கடல்பரப்பு பனியுகம் செதுக்கிவிட்டுப் போன நிலம். பிறகு கடல்மட்டம் உயர்ந்து தாழ்வான பகுதிகள் மூழ்கின. மேடுகள் மட்டும் தீவுகளாக மிஞ்சின. 2024-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் புவிப் பூங்காக்களில் ஒன்றாக ஏற்றது.

ஜெர்மனிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஃபின்ஸ்ஹாவ்தான் அருகில். அந்த வழியில் 2019-இல் ஓடத் தொடங்கியது ‘எல்லன்’. டீசலே இல்லாமல் 4.3 மெகாவாட் மணி பேட்டரியில் ஓடும் கார் கப்பல் அது. இயந்திர இரைச்சல் இல்லாததால் தளத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசலாம்.

எங்கே தங்குவது

ஏரோஸ்கோபிங் தீவின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கும் மேற்கும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். முதல் தடவை வருபவர்கள் இங்கேயே தங்குவது நல்லது. மார்ஸ்டால் பெரிய ஊர், விலை கொஞ்சம் குறைவு, கடல் பிழைப்பின் வாடை இன்னும் இருக்கிறது. சோபி மீன்பிடித் துறையும் கப்பல் பட்டறையும் உள்ள ஊர். சாயங்காலம் அங்கே செய்ய ஒன்றும் இல்லை, அதையே விரும்புகிறவர்களும் உண்டு.

ஏரோவில் திருமணம் செய்துகொள்ள உலகெங்கிலுமிருந்து ஜோடிகள் வருகிறார்கள். பதிவு நடைமுறை எளிது என்பதால் அதுவே தீவில் ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. அதனால் ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை அறைகள் சட்டென்று நிரம்பிவிடும். ஞாயிறு வந்து வியாழன் கிளம்பும்படி திட்டமிட்டால் அறையும் கிடைக்கும், விலையும் இறங்கும்.

விடுமுறை வீடு எடுப்பதானால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகைக்குள் அடங்குமா? மின்சாரத்துக்கு மீட்டர்படி தனியாகக் கட்டவேண்டுமா? கடைசி நாள் சுத்தம் செய்வது யார் பொறுப்பு? டென்மார்க்கில் பல வீடுகளில் மூன்றுக்கும் தனித்தனிக் காசு. கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் தருவார்கள்.

சைக்கிளும் காற்றும்

ஏரோஸ்கோபிங்கிலும் மார்ஸ்டாலிலும் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். தீவு தட்டையாக இருக்கும் என்று நினைத்துக் கியர் இல்லாத வண்டியை எடுக்காதீர்கள். மிக உயரமான இடமே 70 மீட்டரைத் தொடாதுதான். ஆனால் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். குறைந்தது ஏழு கியர் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மின்சார உதவியுள்ள சைக்கிளை எடுத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்கும்போதே மூன்றைச் சோதியுங்கள்: பின் பிரேக், இருக்கையின் உயரம், பூட்டுச் சாவி. டேனிஷ் சைக்கிள் பலவற்றில் பின் பிரேக் கைப்பிடியில் இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். தெரியாமல் இறக்கத்தில் வேகமெடுத்தால் தடுமாறுவீர்கள்.

தீவில் உடம்பைச் சோதிப்பது மேடு அல்ல, காற்று. அது பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், பகல் ஏற ஏற வலுக்கும். ஆகவே மேற்கு நோக்கிய பயணத்தைக் காலையிலேயே தொடங்குங்கள். பிற்பகலில் காற்று முதுகில் தள்ளத் திரும்பிவிடலாம். டேனிஷ் வானிலை நிலையமான டிஎம்ஐயின் செயலி காற்றை நொடிக்கு மீட்டர் என்று காட்டும். 5 வரை சுகம். 8 என்றால் எதிர்க்காற்றில் வேகம் பாதியாகும். 12-க்கு மேல் போனால் அன்று பஸ்ஸில் போய் அருங்காட்சியகம் பாருங்கள்.

சாலையில் ஒரு விதி முக்கியம். டென்மார்க்கில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். சந்திப்பில் இடது பக்கம் திரும்பவேண்டிய சைக்கிள், கார்களோடு நடுவுக்கு வரக்கூடாது. நேராகக் கடந்து எதிர்முனைக்குப் போய் நின்று, பிறகு இடப்பக்கம் தொடரவேண்டும். 90, 91, 92 என்ற எண்பலகைகளைப் பின்பற்றினால் வாகனம் குறைந்த சிறு சாலைகளிலேயே தீவைச் சுற்றிவிடலாம். முழுச் சுற்று சுமார் 60 கி.மீ.; அதை ஒரே நாளில் முடிப்பதில் பெருமை தவிர வேறு லாபமில்லை.

முதல் நாள்: ஏரோஸ்கோபிங்

கப்பல் இறங்கியதும் பெட்டியை வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஊரின் குறுக்களவு பத்து நிமிடம்தான். கூழாங்கல் பதித்த தெருக்கள், சுவரேறிய ரோஜாச் செடிகள், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுகள். மிகப் பழையது 1645-இல் கட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய தொழிற்சாலையோ ரயிலோ இங்கே வராததால், பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டும் அளவுக்குப் பணம் புழங்கவில்லை. ஊர் பிழைத்தது அந்த ஏழ்மையால்.

துறைமுகத்தில் ‘கோகெஹூசெட்’ என்ற சிறிய வெள்ளைக் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். மரக்கப்பல்களும் தார் பீப்பாய்களும் நெருங்கி நின்ற துறையில் கப்பலுக்குள் அடுப்பு மூட்டினால் ஊரே எரிந்துபோகும். ஆகவே மாலுமிகள் கரைக்கு வந்து சமைக்கவென்று கட்டிய பொதுச் சமையலறை அது.

ஸ்மேடெகாடே தெருவில் புட்டிக்கப்பல் அருங்காட்சியகம். ‘புட்டிப் பீட்டர்’ என்று பெயர்பெற்ற கப்பல் சமையற்காரர் பீட்டர் யாக்கப்சென், கண்ணாடிப் புட்டிகளுக்குள் சுமார் 1,700 கப்பல்களைக் கட்டினார். பாய்மரங்களை மடக்கி வைத்துக் கழுத்துவழியே உள்ளே நுழைத்து, பிறகு நூலை இழுத்து நிமிர்த்தும் வித்தை. ஒரு மணி நேரம் போதும்.

மாலையில் மேற்குக் கடற்கரைக்கு நடங்கள். வண்ணம் தீட்டிய மரக்குடில்கள் வரிசையாக நிற்கும். படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் ஏரோ இதுதான். குடில்கள் குடும்பச் சொத்து, சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல. படியில் உட்காராமல், சன்னலுக்குள் எட்டிப் பார்க்காமல் தூர நின்று படம் எடுங்கள். கடல் வெகுதூரம் இடுப்பளவுதான், ஆனால் அடியில் கல். ரப்பர் செருப்பு போட்டு இறங்குங்கள். நிறமற்ற வட்டமான சொறிமீன் தீங்கு செய்யாது. செம்பழுப்பு நிறத்தில் நீண்ட இழைகளோடு வருவது பட்டால் எரியும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள்.

இரண்டாம் நாள்: மேற்கு

காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் நல்லது. சோபி வரை ஏறத்தாழ 16 கி.மீ. வழியில் ப்ரெக்னிங்கே தேவாலயத்தில் நிறுத்துங்கள். கூம்புக் கோபுரத்துக்கு ஓக் மரச் சில்லுகள் வேய்ந்திருக்கும். உள்ளே உள்ள மரப் பலிபீடச் சிற்பம் 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பி க்ளாஸ் பெர்க் பெயரோடு சேர்ந்தது.

அடுத்தது சோபிகோர். இளைய ஹான்ஸ் கோமகன் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சிறு மாளிகை. அருகிலேயே அதைவிடப் பழைய மண்கோட்டை மேடு. ஏரோவின் வரலாறு புரிய இந்த இடம் உதவும். தீவு வெகுகாலம் டென்மார்க் அரசோடு நேரடியாகச் சேர்ந்திருக்கவில்லை. இன்றைய டென்மார்க்–ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஷ்லெஸ்விக் கோமகன்களின் ஆட்சிப்பகுதியாக இருந்தது. 1864 போரில் டென்மார்க் தோற்று ஷ்லெஸ்விக் கைவிட்டுப் போனபோது, நிலத்துக்கு நிலம் என்று மாற்றிக்கொண்டதில் ஏரோ டென்மார்க் பக்கம் வந்தது.

வடமேற்கு முனையில் ஸ்கோல்நேஸ் கலங்கரை விளக்கம். 1881-இல் கருங்கல்லால் கட்டியது, 22 மீட்டர் உயரம். சுற்றிலும் கோல்ஃப் மைதானம்; பந்து வரும் திசையைப் பார்த்து நடங்கள். தெளிவான நாளில் உச்சியிலிருந்து ஜெர்மன் கரை தெரியும்.

திரும்பும் வழியை மட்டும் மாற்றுங்கள், தெற்குக் கரையோடு வந்து வோடெருப் கிளிண்டில் இறங்குங்கள். தீவில் ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வோம். 30 மீட்டருக்கு மேல் உயரமான களிமண் பாறைக்கரை, செங்குத்தாக இல்லாமல் அகன்ற படிக்கட்டுகளாகக் கடலுக்குள் இறங்குகிறது. மேலே உள்ள மண்ணுக்கு அடியில் வழுக்கும் களிமண் அடுக்கு. அதில் தண்ணீர் ஊறும்போது நிலம் துண்டு துண்டாகச் சறுக்கி இறங்கி நிற்கிறது. ஒவ்வொரு படியும் ஒரு பழைய சரிவு. தெற்கு வெயில் படும் சத்தற்ற மண் என்பதால் காட்டுப்பூவும் வண்ணத்துப்பூச்சியும் அதிகம். ஆடுமாடு மேயும் வேலிகளைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். மழை பெய்த மறுநாள் கீழ்ப்படிகளுக்கு இறங்கவேண்டாம். களிமண் ஈரமானால் எந்தச் செருப்பும் நிற்காது. உயரமான புல்லில் நடந்திருந்தால் இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் மூன்றிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனிக் கவ்வியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். எண்ணெய் தடவுவது தவறு. பிறகு சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வளையம் பரவினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மூன்றாம் நாள்: மார்ஸ்டால்

கிழக்கே சுமார் 12 கி.மீ. வழியில் க்ராக்னேஸில் ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்லறை மேடு இருக்கிறது. நம்மூர்க் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்குக் கல்லடுக்கும் முறை பழக்கமானதாகத் தெரியும். இங்கே தாழ்வான கல்வழியில் குனிந்தும் தவழ்ந்தும் உள்ளறைக்குப் போகவேண்டும். டார்ச் லைட் அவசியம். வெள்ளைக் கால்சட்டை வேண்டாம்.

மார்ஸ்டால் அழகைக் காட்டி அழைக்கும் ஊர் அல்ல. உழைப்பால் எழுந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாய்மரக் கப்பல்கள் இதைத் தாய்த்துறையாகக் கொண்டிருந்தன. உப்பை ஏற்றி நியூஃபவுண்ட்லாண்ட் போய், அங்கிருந்து காய்ந்த காட் மீனைத் தென் ஐரோப்பாவுக்குக் கொண்டு சேர்த்தன. துறைமுகத்தைக் காக்கும் நீளமான கல் அலைதடுப்பை 1825 முதல் ஊர்மக்களே கட்டினார்கள். குளிர்காலத்தில் கப்பல்கள் கரையில் முடங்கும் மாதங்களில் மாலுமிகள் கல் சுமந்தார்கள்.

கடல்வாழ்வு அருங்காட்சியகத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கப்பல் மாதிரிகள், மாலுமிகள் கொண்டுவந்த பொருள்கள், கார்ல் ராஸ்முசெனின் ஓவியங்கள் என்று அறை அறையாக நீளும். ஏரோஸ்கோபிங்கில் பிறந்து மார்ஸ்டாலில் வாழ்ந்த இந்தக் கடலோவியர் கிரீன்லாந்துக்கு வரையப் போய், 1893-இல் திரும்பும் வழியில் கடலிலேயே மறைந்தார். ஊர்த் தேவாலயத்தின் பலிபீட ஓவியமும் அவருடையதே. இயேசு புயலை அடக்கும் காட்சி. மூன்று பாய்மரமுள்ள ‘போனாவிஸ்டா’ துறையில் நின்றால் அருகே போய்ப் பாருங்கள். 1914-இல் இங்கேயே கட்டியது, இப்போது டேனிஷ் தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து.

நான்காம் நாள் இருந்தால் அதை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென் ஃப்யூன் தீவுகளைச் சுற்றும் 220 கி.மீ. நடைபாதையில் 36 கி.மீ. ஏரோவில் இருக்கிறது. ஏதாவது 10 கி.மீ. நடந்துவிட்டு 790-இல் ஏறித் திரும்பலாம். வார இறுதியில் பஸ் குறைவு. கிளம்புமுன் நேரம் பார்த்துவிடுங்கள்.

சாப்பாடும் காசும்

மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையில்லை. ஏரோஸ்கோபிங் துறைமுகப் புகைமீன் கடையில் ஹெரிங், கானாங்கெளுத்தி, சால்மன் கிடைக்கும்; கருநிற ரை ரொட்டியோடு சாப்பிடவேண்டும். தீவின் தடித்த பான்கேக்கைச் சர்க்கரையோ ஜாமோ தொட்டுச் சாப்பிடுவார்கள். சைவர்கள் சமையலறை உள்ள இடத்தை எடுங்கள். பருப்பு, புளி, மிளகாய்ப்பொடியை கையோடு கொண்டுபோங்கள். மூன்று ஊரிலும் சூப்பர்மார்க்கெட் உண்டு, அரிசியும் காய்கறியும் கிடைக்கும். உணவகங்களின் அடுப்பு இரவு எட்டரை, ஒன்பதுக்கு அணைந்துவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று நேரம் மறப்பவர்கள் பட்டினி கிடக்கிறார்கள்.

பணம் டேனிஷ் குரோனர். ஒரு யூரோவுக்கு சுமார் 7.46. எங்கும் கார்டு செல்லும், ஓர் இடத்தைத் தவிர: பண்ணை வாசல்களில் ஆளில்லாமல் உருளைக்கிழங்கு, தேன், ஸ்ட்ராபெரி வைத்திருக்கும் பெட்டிக்கடைகள். அங்கே ‘மொபைல்பே’ என்ற கைபேசிப் பணச் செயலி அல்லது சில்லறை. பெரும்பாலான வெளிநாட்டவருக்கு முன்னது கிடைக்காது; ஆகவே 10, 20 குரோனர் நாணயங்கள் பையில் இருக்கட்டும். குடிபானப் புட்டிகளை எறியாதீர்கள். ஏ, பி, சி என்று குறியிட்டவற்றைக் கடை இயந்திரத்தில் போட்டால் முறையே 1, 1.50, 3 குரோனர் திரும்பக் கிடைக்கும்.

அவசரத்துக்கு 112. ஏரோஸ்கோபிங்கில் சிறு மருத்துவமனை இருக்கிறது. தொடர்ந்து உட்கொள்ளும் மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, தங்கும் நாளுக்கு மேல் இரண்டு நாளுக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

அந்த இரண்டு நாள் எதற்கென்றால், பலத்த காற்றில் கப்பல் நின்றுபோவதுண்டு. கோடையில் அபூர்வம், அக்டோபருக்குப் பிறகு சாதாரணம். விமானம் பிடிக்கவேண்டியவர்கள் விமானத்துக்கு முந்தைய இரவை ஃப்யூனிலோ கோபன்ஹேகனிலோ கழியுங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். ஒரு வழி நின்றாலும் மற்றொன்று ஓடலாம். 790 பஸ் மூன்று துறைக்கும் போகும். காரோடு திரும்புபவர்கள் பதிவு இருந்தாலும் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு வரிசையில் நிற்கவேண்டும். பிந்தினால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த காருக்குப் போய்விடும்.